தமிழ்ச் சொல்லிசையும் ஆசிரியர் பெயரும்

விருத்தாசலத்தை அடுத்த கருவேப்பிலங்குறிச்சி போன்ற ஊர்களிலும் இன்று கைப்பேசி வழியே இளைஞர் செவிக்கு எட்டும் பாட்டு வகைகளுள் 'ராப்' என்பதும் ஒன்று. தாளத்தோடு ஒட்டி விரைந்து மொழியப்படுதலின், இதனைத் தமிழில் சொல்லிசை என வழங்குவர். திரைப்படமே இதனைத் தமிழிற் பிறப்பித்தது என்பார் உளர். அக்கூற்றுப் பொருந்துமா என்பதையும், அதனால் நேரும் இழப்பு யாது என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

ஹிப் ஹாப் கலை 1973-இல் நியூயார்க்கு நகரின் பிராங்க்சுப் பகுதியில் தோன்றியது என்பர். இரண்டு இசைத்தட்டுகளை மாறி மாறிச் சுழற்றித் தாளப் பகுதியை நீட்டுதலும், அதன்மேற் சொற்களை அடுக்குதலும் அதன் தொடக்க நிலைகள். சந்தச் சிறப்பை நோக்கி, அருணகிரிநாதர் திருப்புகழை இதற்கு மூலமாகக் காட்ட விழைவாரும் உண்டு. ஒப்புமை வேறு, வழிவழித் தொடர்ச்சி வேறு. விரைவும் சந்தமும் இரண்டற்கும் பொதுவாயினும், ஒன்றினின்று மற்றொன்று கிளைத்தமைக்குச் சான்றில்லை. வடிவம் அமெரிக்காவினின்று வந்தது. அதனுள் நிறைந்த மொழியும் வாழ்வும் தமிழருடையன.

1994-இல் வெளிவந்த 'காதலன்' படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையமைப்பில், 'பேட்டை ராப்' இடம்பெற்றது. சென்னைப் பேட்டைகளின் பேச்சு வழக்கை அது திரையில் ஏற்றியது உண்மையே. ஆயினும் அஃது ஒரு படத்தின் பல பாடல்களுள் ஒன்றாகவே நின்றது. சொல்லிசையையே தம் கலையாகக் கொண்டோரைக் காண நாம் கடல் கடந்து செல்லுதல் வேண்டும். மலேசியத் தமிழராகிய யோகி பி, நட்சத்திரா குழுவினருடன் 2006-இல் வெளியிட்ட 'வல்லவன்' தனித் தொகுப்பாகும். அதிலுள்ள 'மடை திறந்து', 1980-இல் வந்த 'நிழல்கள்' படப் பாடலை அடியாகக் கொண்டது. இங்குத் திரைப்பாடல் மூலப்பொருளாயிற்றேயன்றிக் கலைக்குக் களமாகவில்லை.

தமிழகத்திலும் இந்நிலையையே காண்கிறோம். ஆதி, ஜீவா என்னும் இருவர் இணைந்த 'ஹிப் ஹாப் தமிழா' 2012-இல் தனித் தொகுப்பு வெளியிட்டது. 2015-இலேயே 'ஆம்பள' படத்திற்கு இசையமைத்தது. 2018-இல் 'காலா' படத்திற் பங்குகொண்ட தாராவிக் குழுவினரும் அதற்கு முன்னரே பாடி வந்தவரே. எனவே திரைப்படம் இக்கலைக்குப் பேரவை அளித்ததேயன்றித் தாயாகவில்லை என்பது பெறப்படும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. திரைப்பாட்டு பெரும்பாலும் நடிகர் பெயராலும் படப்பெயராலும் வழங்கும். எழுதினோர் பெயர் மறையும். சொல்லிசையிலோ எழுதுவோரே பெரும்பாலும் பாடுவோர். தம் வாழ்வையே பொருளாக்குவோர். 2021-இல் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' தனிப்பாடலை எழுதித் தீயுடன் பாடியவர் அறிவு; இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தம் பாட்டியாரின் வாழ்வு அதன் கரு என்றார். ஆயினும் அவ்வாண்டில் அப்பாடலின் புகழை முன்னிட்டு ஓர் இசை இதழ் அமைத்த அட்டையில் அவர் உருவம் இடம்பெறவில்லை. கண்டனம் எழுந்த பின்னரே அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022-இல் அப்பாடலின் ஆக்கத்தில் யார்க்கு எத்துணைப் பங்கு என்னும் வாதமும் பொதுவெளியில் எழுந்தது. கலைஞர் உயிரோடிருக்கும்போதே இவ்வாறெனின், நூறாண்டு கழிந்தபின் நேர்வது யாது?

செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்னும் பெயர்களை நாம் நன்கறிவோம். இயற்பெயர் கிட்டாமையின் பாட்டின் தொடரே புலவர்க்குப் பெயராயிற்று. தொகுத்தோர்க்கு வேறு வழியில்லை, நமக்கு உண்டு. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், வெளியிட்ட ஆண்டு, முதன்முதல் பாடிய இடம் ஆகியவற்றைக் கலைஞரிடமே கேட்டுப் பதிந்து வைத்தல் தமிழ்த்துறைகளின் கடமையாகும். பாட்டின் தரத்தைக் காலம் ஆராய்ந்துகொள்ளும். பெயரை நாம் காவாவிடின் காலம் காவாது.