காயல் சாச்சியின் குடி



1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் படிப்பிக்கும்போது நாங்கள் மலையகத் தோட்டங்களைப் பற்றித்தான் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அது சரிதான், அடிபட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் அந்த மக்களே. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்குப் போட்டது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் பிறகு பார்க்கலாம் என்று. ஆனால் அந்தக் காலத்தில் மருமகளாகக் கடல் கடந்து எங்கள் கிழக்குக் கரைக்கு வந்த பெண்களும் இருந்தார்கள். அவர்களுக்குப் பாடப் புத்தகத்தில் இடமில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தார். காயல் சாச்சி என்றால் ஊரில் வயதானவர்களுக்கு இன்னமும் தெரியும்.

வாப்பாவின் தம்பி காயல்பட்டினத்துக்கு ஓதப் போனவர். அப்போது வேலூருக்கும் காயலுக்கும் ஓதப் போவது எங்கள் பகுதியில் புதுமையில்லை. ஓதி முடித்தவர் அங்கேயே கலியாணமும் முடித்து, 1952இல் சாச்சியைக் கூட்டிக்கொண்டு வந்தார். தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடி ரயில். மாகோவில் இறங்கி மட்டக்களப்பு வண்டிக்கு மாற வேண்டும். மாகோ ஸ்டேசனில் விடியும்வரை பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்ததைச் சாச்சி பல தடவை சொல்லியிருக்கிறார்.

இதில் ஒரு விசயத்தைக் கவனிக்க வேண்டும். காயலில் பெண் கலியாணம் முடித்துப் புகுந்த வீடு போவதில்லை. வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளைதான் வருவார். எங்கள் ஊரிலும் அப்படித்தான், மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை எடுக்க ஏலாது. ஆகவே இரண்டு பக்கமும் பெண்ணுக்கு வீடுள்ள ஊர்கள். நடுவில் சாச்சிக்கு மட்டும் வீடில்லை. காயலில் அவருக்கு என்று இருந்த வீட்டைத் தங்கைக்கு விட்டுவிட்டு வந்திருந்தார். இங்கே சாச்சாவின் உம்மா வீட்டில் ஒரு அறை.

வதிவிட அனுமதியை நீட்ட வருடா வருடம் கொழும்புக்குப் போனார்கள். பிறகு பிரஜையாகப் பதிய விண்ணப்பித்தபோது நடந்ததைச் சாச்சா கடைசிவரை மறக்கவில்லை. ஒப்பம் வைக்கச் சொன்னார்கள். சாச்சி பேனையை வாங்கி, வலமிருந்து இடமாகத் தன் பெயரை எழுதினார். இது என்ன கீறல் என்று கேட்டுவிட்டு, மைப்பெட்டியைத் தள்ளிப் பெருவிரலை வைக்கச் சொன்னார்களாம். எழுத வாசிக்கத் தெரியாதவர் என்று பத்திரத்தில் பதிந்தது.

சாச்சி எழுதியது அரபுத் தமிழ். அரபு எழுத்தில் தமிழ். அரபியில் இல்லாத ப, ச, ட, ண போன்ற ஒலிகளுக்குப் புள்ளி கூட்டி எழுத்து அமைத்து, எங்கள் முன்னோர் பல நூறு வருடங்கள் கிதாபும் கடிதமும் கடைக்கணக்கும் எழுதிய முறை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் ‘மஃகானி’யைச் சாச்சி தொட்டுத் தொட்டு வாசிப்பார். மஃரிபுக்குப் பிறகு அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகள் அவரிடம் ஓத வருவார்கள். குர்ஆன் ஓதிய கையோடு அரபுத் தமிழும் படித்துவிடுவார்கள். பள்ளிக்கூடம் போகாமல் அந்தத் திண்ணையில் கடிதம் எழுதப் பழகிய உம்மாமார் எத்தனையோ பேர். சனத்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களையும் எழுத்தறியாதவர்கள் என்றே போட்டிருப்பார்கள்.

அரசாங்கம் கேட்டது பத்திரம். ஊர் கேட்டது குடி.

இளம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கத்தில் குடி தாய்வழி. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. ஒரே குடிக்குள் கலியாணம் முடிக்க மாட்டார்கள். பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருப்பார். வெளியூரிலிருந்து வந்த ஆணுக்கு இது பெரிய பிரச்சினையில்லை, அவர் பிள்ளைகள் மனைவியின் குடி. வெளியூரிலிருந்து வந்த பெண்ணுக்கு? சாச்சிக்குக் குடியில்லை, எனவே அவருடைய ஐந்து பிள்ளைகளுக்கும் இல்லை. 1971இல் மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசும்போதுதான் இது வெடித்தது.

வாப்பும்மா உடனே தன் குடியில் சேர்க்கச் சொன்னார். மரைக்கார் சிரித்துவிட்டாராம். அப்படிச் சேர்த்தால் சாச்சாவும் சாச்சியும் ஒரே குடி, புருசன் பெண்சாதி அண்ணன் தங்கையாகிவிடுவார்களே! ஒரு கிழமை வரை ஊரில் இது பகிடியாக ஓடியது. சாச்சிக்கு அது பகிடியாக இருக்கவில்லை. அந்தக் கிழமை திண்ணையில் ஓதலும் இல்லை.

கடைசியில் என் உம்மாவின் உம்மா எழும்பினார். சம்பந்திக்காரி. மரைக்காரை வாசலுக்குக் கூப்பிட்டு, “இவ எண்ட புள்ள. எண்ட வயித்தில பிறக்காட்டியும் எண்ட புள்ளதான். எண்ட குடியில போடுங்க” என்றார். வாயால் சொன்னதோடு விடவில்லை. மகளென்றால் வீடு கொடுக்க வேண்டுமே, தன் வளவில் கிணற்றுப் பக்கத்துத் துண்டைச் சாச்சியின் பெயரில் எழுதினார். அன்றிலிருந்து வாப்பாவின் தம்பி மனைவி என்பதால் எங்களுக்குச் சாச்சியாக இருந்தவர், உம்மாவின் தங்கை என்ற வகையிலும் சாச்சியானார். இப்படி ஒரு வழி இருந்தது என்பதை எங்கள் ஊர் வரலாறு எழுதியவர்கள் யாரும் குறிப்பிடவில்லை. குடிமுறையின் கட்டுப்பாடுகளைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக இருக்கிறது.

தாய்வீட்டுக்குச் சாச்சி கடைசியாகப் போய்வந்தது 1962இல். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பிறகு இராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது, எண்பதுகளில் யுத்தத்தோடு அதுவும் நின்றது. ஆனால் பாஸ்போட், காசு, ஐந்து பிள்ளைகள் என்று சாச்சிக்கு அதற்கு முன்பே பயணம் முடிந்துபோயிருந்தது. கடிதம் மட்டும் வரும். தாய் மௌத்தான செய்தியும் தங்கையின் கடிதத்தில்தான் வந்தது, அடக்கி இருபது நாளைக்குப் பிறகு.

அந்தக் கடிதங்களையெல்லாம் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் வீட்டுக் கூரை போனது. எங்கள் பகுதியில் யார் வீட்டுக் கூரைதான் மிஞ்சியது? பெட்டிக்குள் தண்ணீர் ஏறி மை கரைந்துவிட்டது. சாச்சி ஒவ்வொரு தாளாகப் பிரித்து, விழுந்து கிடந்த தென்னையின் மேல் காயப் போட்டார். பதினொன்று தப்பியது.

1993இல் சாச்சி வபாத்தானார். எங்கள் மையவாடியில் உம்மும்மாவின் கப்றுக்கு இரண்டு கப்று தள்ளி இருக்கிறார். அந்தப் பதினொரு கடிதங்களும் இப்போது மகளிடம் இருக்கின்றன. ஏழை நானும் அவவும் சேர்ந்து தமிழ் எழுத்துக்கு மாற்றிவிட்டோம். மற்ற நாலில் சில சொற்கள் பிடிபடவில்லை. அரபுத் தமிழ் வாசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து அறியத் தாருங்கள், நான் கடிதத்தோடு வீட்டுக்கே வருகிறேன். பழைய கிதாபுகளைக் கறையான் அரித்துவிட்டது என்று கடலில் விடுவதற்கு முன்பும் ஒரு தடவை சொல்லுங்கள்.