தரங்கம்பாடி எழுப்பிய வினா

ஒருவன் கிறித்தவன் என்பதற்குச் சான்று எது? ஞானஸ்நானப் பதிவேடா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனையா, வாயால் அறிக்கையிடும் கோட்பாடா, அன்றி அவன் வாழும் வாழ்வா? பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செருமானிய நாட்டை உலுக்கிய இவ்வினா, அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்துக் கடற்கரையில் மீண்டும் எழுந்தது. இம்முறை அதனைக் கேட்டவர்கள் தமிழர்கள்.

முப்பதாண்டுப் போர் (1618–1648) முடிந்த பின்னர், செருமானிய லுத்தரன் திருச்சபையில் கோட்பாடு உறுதியாக நின்றது, வாழ்வு தளர்ந்தது. பிறந்தவுடன் ஞானஸ்நானம், குறித்த நாளில் திருவிருந்து, இறந்தபின் அடக்க ஆராதனை என்ற முறை வழுவாது நடந்தது. அதற்கு மேல் ஒன்றும் வேண்டுவதில்லை எனப் பலர் அமைந்தனர். இந்நிலையை எதிர்த்து, பிலிப் யாக்கோபு ஸ்பேனர் 1675ஆம் ஆண்டு 'பியா டெசிடெரியா' என்னும் நூலை வெளியிட்டார். கிறித்தவம் அறிவதில் மட்டும் அடங்குவதன்று, செய்வதில் விளங்குவது என்பது அதன் சாரம். அவர் வழிவந்த அகஸ்டு ஹெர்மன் பிராங்கே, 1695ஆம் ஆண்டு முதல் ஹாலே நகரில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளியும் அநாதை இல்லமும் அமைத்தார். 'பியட்டிசம்' என வழங்கும் இவ்வியக்கத்தில் உருவானவரே 1682இல் புல்ஸ்நிட்ஸ் என்னும் ஊரில் பிறந்த பார்த்தலோமேயு சீகன்பால்கு.

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக் அனுப்ப, சீகன்பால்கு தம் தோழர் புளுட்சௌவுடன் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தார். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவுடன் டேனியர் அங்குக் காலூன்றியது 1620ஆம் ஆண்டில். டான்ஸ்போர்க் கோட்டை இருந்தது. 1701இல் எழுந்த சீயோன் தேவாலயம் இருந்தது. முறையான போதகர்களும் இருந்தனர். ஆயினும் எண்பத்தாறு ஆண்டுகளில் தமிழர்க்கெனச் சமயப்பணி ஏதும் அங்குத் தொடங்கப்பெறவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்தில் முழந்தாளிட்டோரின் வீடுகளில் அடிமைகள் ஊழியம் செய்தனர். 1707 மே மாதம் சீகன்பால்குவின் பணியால் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐவரும் அத்தகைய அடிமைகளே என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆலயத்தின் வெளிமுறைக்கும் உள்ளுணர்வுக்கும் இடையிலிருந்த பிளவு 1708இல் வெளிப்படையாயிற்று. தமிழ் நாவிதர் ஒருவர் இறந்தபின், கடன் வழக்கொன்றில் அவர்தம் கைம்பெண் திக்கற்று நின்றார். எதிர்த்தரப்பினர் வணிகக் குழுமத்தின் மொழிபெயர்ப்பாளர். சீகன்பால்கு அப்பெண்ணுக்காகப் பரிந்து பேசினார். டேனிய ஆலயத்திலேயே ஆளுநர் ஹாசியுஸ் முன் மண்டியிட்டு முறையிடுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். ஆளுநர் வழிபட வரும் இடத்திலேயே ஏழையின் முறையீடும் ஒலிக்க வேண்டும் என்பது இதன் பொருள். ஹாசியுஸ் சினந்தார். நவம்பர் மாதம் சிறைவைக்கப்பெற்ற சீகன்பால்கு நான்கு மாதங்கள் கோட்டைக்குள் அடைபட்டிருந்தார். அடைத்தவரும் கிறித்தவர், அடைபட்டவரும் கிறித்தவர். இருவரும் ஒரே விசுவாச அறிக்கையை ஓதியவர்கள். ஏழைக் கைம்பெண் ஒருத்தியே அவ்விருவரின் விசுவாசத்தையும் வேறுபடுத்திக் காட்டும் உரைகல்லானார்.

எனினும், பிறர் சமயத்தின் அகத்தைக் காணும் கண் சீகன்பால்குவுக்குத் தொடக்கத்திலேயே வாய்த்துவிடவில்லை. கோயில் ஒன்றின் உருவங்கள் சிலவற்றை உடைத்ததாக அவரே தம் கடிதத்தில் எழுதியுள்ளார். வெளிவடிவைக் கண்டு உள்ளத்தை எடைபோடும் பிழை அவரையும் விடவில்லை எனலாம். அவரை மாற்றியது தமிழ். முதிய ஆசிரியர் ஒருவரின் திண்ணைப்பள்ளிச் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்துப் பயின்ற அவர், இரண்டே ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைத் தொகுத்து அவற்றுக்கு அட்டவணையும் வகுத்தார். 1708இல் கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமானியத்தில் பெயர்த்தார். தமிழரை நாகரிகமற்றோர் என எண்ணி வந்த தம் கருத்தை இந்நூல்களே திருத்தின என அவர் வெளிப்படையாக எழுதினார். சடங்கினைச் சாடும் சிவவாக்கியரின் பாடல்களை அவர் தம் நூல்களில் எடுத்தாண்டது குறிப்பிடத்தக்கது. ஸ்பேனர் செருமானியில் எழுப்பிய குரலுக்கு இணையானதொரு குரல், தமிழ்ச் சித்தரிடம் முன்னரே ஒலித்திருந்தது.

1712 முதல் 1714 வரை சீகன்பால்குவும் அவர் துணைவர் கிரண்ட்லரும் தமிழரிடம் கடிதவழி வினாக்கள் விடுத்து விடைகளைப் பெற்றனர். கிறித்தவ நெறியைத் தமிழர் ஏற்கத் தயங்குவது ஏன் என்பதும் அவ்வினாக்களுள் ஒன்று. வந்த விடைகள் கூர்மையானவை. கிறித்தவர்கள் பசுவைக் கொன்று உண்கின்றனர், மது அருந்துகின்றனர், தூய்மை பேணுவதில்லை, நற்செயல்களில் நாட்டம் காட்டுவதில்லை என்று தமிழர் எழுதினர். இவற்றுள் உணவும் நீராடலும் பற்றிய குறைகள் தமிழரின் ஆசார நோக்கிலிருந்து பிறந்தவை. அவையும் ஒருவகையில் வெளிமுறை பற்றியனவே. ஆயினும் சொல்லும் செயலும் பொருந்தாமை பற்றிய குறை அத்தகையதன்று. அது பியட்டிச இயக்கத்தார் தம் திருச்சபையை நோக்கி எழுப்பிய அதே குறை. பிறருக்குப் போதிக்க வந்தவர் கையிலிருந்த அளவுகோலைக் கேட்போர் வாங்கி, அவரையே அளந்தனர்.

சீகன்பால்கு அக்கடிதங்களை மறைக்கவில்லை. செருமானியத்தில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். 1714இல் ஒரு பகுதியும் 1717இல் மறுபகுதியும் அச்சேறின. தம் இனத்தாரைப் பழிக்கும் சொற்களைத் தம் கையாலேயே எழுதித் தம் இனத்தார் முன் வைத்த இச்செயல், அவர் நிகழ்த்திய பேருரைகள் பலவற்றினும் சிறந்த விசுவாச அறிக்கையாகும்.

உள்ளுணர்வை வற்புறுத்திய ஹாலேயும் ஓர் எல்லையில் நின்றுவிட்டது. தமிழரின் தெய்வங்கள் பற்றி 1713இல் சீகன்பால்கு எழுதி அனுப்பிய விரிவான நூலை அச்சிடப் பிராங்கே இசையவில்லை. பிற சமயத்தை ஒழிக்க அனுப்பப்பெற்றவர் அதனை ஐரோப்பாவில் பரப்புவதா என்பது அவர்தம் எண்ணம். அந்நூல் 1867ஆம் ஆண்டில்தான் சென்னையில் அச்சு வடிவம் பெற்றது.

இதனினும் கொடிய சோதனை கோபன்ஹேகனிலிருந்து வந்தது. அங்கிருந்த சமயப்பணிக் குழுவின் செயலர் கிறிஸ்தியான் வெண்ட், ஆலயம் கட்டுவதும் பள்ளி நடத்துவதும் வீண் வெளிமுறைகள் எனக் கருதினார். சமயப் பணியாளர் யாதொரு உடைமையுமின்றி நற்செய்தியை மட்டும் உரைத்துச் செல்லவேண்டும் எனக் கடுமையாக எழுதினார். வெளிமுறையை எதிர்க்கத் தோன்றிய இயக்கம், எதிர்ப்பையே ஒரு முறையாக்கிக்கொண்ட விந்தை இது. ஆன்மாவுக்குச் செய்யும் பணியும் உடலுக்குச் செய்யும் பணியும் பிரிக்க இயலாதவை என்பது சீகன்பால்குவின் கொள்கை. பசித்த சிறுவனுக்குச் சோறிட்டு எழுத்தறிவிப்பது அவருக்கு விசுவாசத்தின் புறக்கோலமன்று, விசுவாசமே அதுதான். 1718 அக்டோபரில் புதிய எருசலேம் ஆலயம் அர்ப்பணிக்கப்பெற்றது. வெண்டின் கண்டனத்தால் மனம் நொந்த நிலையில், 1719 பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்கு ஐயர் தம் முப்பத்தாறாம் வயதில் மறைந்தார்.

வெளிமுறை அனைத்தும் போலியல்ல. உள்ளுணர்வு பேசுவதெல்லாம் மெய்யும் அல்ல. ஹாசியுஸின் முழந்தாள் ஆலயத்தில் மடங்கியது; கைம்பெண்ணுக்காக மடங்கவில்லை. வெண்ட் உள்ளத்தைப் பற்றியே பேசினார். பள்ளிச் சிறுவரின் பசி அவர் எண்ணத்தில் இடம்பெறவில்லை. ஒருவர் சமயத்தால் பிறர்க்கு விளைவது யாது என்பதே தரங்கம்பாடித் தமிழர் கேட்ட வினா. அவர்கள் எழுதிய கடிதங்கள் இன்று செருமானிய வடிவிலேயே அறியப்படுகின்றன. அவ்வினா மட்டும் மொழிபெயர்ப்பில் சிறிதும் கூர் மழுங்காமல் நிற்கிறது.