யாருக்குக் கொழுப்பு?

‘உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி’ என்று அம்மா சொன்னால் வசவு. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னால் நோய்க்குறி. இந்த இரட்டைப் பொருள் தமிழுக்கு மட்டும் உரியதல்ல. கன்னடத்துக் ‘கொப்பு’, தெலுங்குக் ‘கொவ்வு’ இரண்டுமே உடலின் கொழுப்பையும் திமிரையும் சேர்த்தே குறிக்கின்றன. அக்கம்பக்கத்து மொழிகள் எல்லாம் ஒரே மாதிரி திட்டுவதைப் பார்த்தால், வசவு நேற்று முளைத்ததாகத் தெரியவில்லை.

ஆனால் வேரில் பழி எதுவும் இல்லை. ‘கொழு’ என்றால் செழி, வளமாகு. கொழுங்கொடி, கொழுமீன் என்றெல்லாம் பழம்புலவர்கள் ஆசையோடுதான் சொன்னார்கள். பொருநராற்றுப்படையில் கரிகாலன் தந்த விருந்தில் கம்பியில் கோத்துச் சுட்ட இறைச்சித் துண்டுக்குக் ‘கொழுங்குறை’ என்று பெயர். அதை இரவும் பகலும் தின்று பொருநனின் பல் மழுங்கிப்போகிறது, கொல்லையை உழுத கலப்பையின் கொழுவைப் போல. (அந்தக் கொழுவுக்கும் இந்தக் கொழுவுக்கும் உறவு சொல்ல நான் துணியமாட்டேன்.) பசியோடு வந்த கலைஞனுக்குக் கொழுத்த துண்டைக் கொடுப்பதுதான் மரியாதை. அந்தக் காலத்தில் ‘கொழுப்பைக் குறையுங்கள்’ என்று யாரும் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது.

உடலுக்குள் இருக்கும் பொருளுக்கு நிணம், விழுக்கு என்று தனிப் பெயர்களும் இருந்தன. சித்த மருத்துவம் உடற்கட்டுகளை ஏழாக எண்ணும்போது சாரம், செந்நீர், ஊன் ஆகியவற்றுக்குப் பின், என்புக்கு முன், கொழுப்பை வைக்கிறது. அதாவது எலும்பையும் ரத்தத்தையும் போல அதுவும் உடலைக் கட்டி நிறுத்தும் ஒன்று. ஒட்டிக்கொண்ட உபரி அல்ல. நவீன மருத்துவம் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுநாள் ஆனது.

அதற்கு ஒரு காரணம் நுண்ணோக்கி. வழக்கமான முறையில் கண்ணாடிச் சில்லுக்குத் திசுவைப் பதப்படுத்தும்போது ஆல்கஹாலும் சைலீனும் எண்ணெயைக் கரைத்துவிடும். மிஞ்சுவது மெல்லிய வளையங்களாலான ஒரு வலை. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் ஒதுங்கிக் கிடக்கும் உட்கரு. பார்ப்பவருக்கு வெற்றுக் கிடங்காகத்தான் தோன்றும். எரிபொருள் சேமிப்பு, குளிருக்குப் போர்வை, அடிபடாமல் மெத்தை என்று மூன்று வேலைகளைச் சொல்லிப் பாடநூல்கள் நகர்ந்துவிட்டன.

இந்தக் கருத்தை உடைத்தது ஓர் எலி. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், தின்றுகொண்டே இருக்கும் ஒரு பருத்த எலி வகையை 1950-இல் அறிவித்தார்கள். அங்கேயே பின்னாளில் டக்ளஸ் கோல்மன் அத்தகைய எலியையும் சாதாரண எலியையும் ரத்தவோட்டம் கலக்கும்படி இணைத்துத் தைத்தார். பருத்த எலி தீனியைக் குறைத்தது, இளைத்தது. ஏதோ ஒன்று ரத்தத்தின் வழியாக வந்து ‘போதும்’ என்கிறது. அந்தப் பொருளுக்கான மரபணுவை 1994-இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு கண்டுபிடித்தது. அதைச் சுரப்பது கொழுப்புத் திசுவேதான். மெலிந்தது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்கு ‘லெப்டின்’ என்று பெயர் வைத்தார்கள். கொழுப்பே சுரந்து மெலியச் சொல்லும் பொருள்! பெயர் வைத்தவருக்குக் கொஞ்சம் கொழுப்புதான்.

கொழுப்பே இல்லாவிட்டால் சுகம் என்று நினைப்பவர்கள், லிப்போடிஸ்ட்ரஃபி என்ற அரிய நோயைப் பற்றிக் கேட்கவேண்டும். இந்த நோயாளிகளில் சிலருக்குப் பிறவியிலேயே உடலில் கொழுப்புத் திசு கிட்டத்தட்டக் கிடையாது. நரம்பும் தசையும் புடைத்துத் தெரியும். ஆனாலும் கடுமையான சர்க்கரை நோயும் ஈரலில் கொழுப்பும் வரும். தங்குவதற்கு உரிய இடம் இல்லாத எண்ணெய் ஈரலிலும் தசையிலும் போய்ப் படிந்து இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. பருமனானவருக்கும் கடைசியில் நடப்பது இதுதான். தோலடிக் கொழுப்பு இனி கொள்ளாது என்ற நிலை வந்தபின் மிச்சம் வயிற்றுக்குள்ளும் ஈரலிலும் வழிகிறது. 1947-லேயே மார்சே நகரில் ஷான் வாக் என்ற மருத்துவர், இடுப்புக்கு மேல் திரளும் கொழுப்புதான் ஆபத்து, தொடையில் சேர்வது அவ்வளவு அல்ல என்று எழுதியிருந்தார்.

நம் ஆட்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும். 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வந்தது: புனேவின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின், இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் பக்கத்தில் பக்கத்தில். இருவரின் பிஎம்ஐயும் (உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் குறியீடு) 22.3. உடலில் கொழுப்பின் பங்கோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியாகத் தெரிகிறாரே என்று நாம் விட்டுவிடும் ஆள்தான் யாஜ்னிக்.

இவ்வளவு நுட்பத்தையும் ‘கொழுப்பு’ என்ற ஒற்றைச் சொல்லின் தலையில் இன்று ஏற்றியிருக்கிறோம். வடையில் இருப்பதும் கொழுப்பு, தொப்பையில் இருப்பதும் கொழுப்பு, கொலஸ்ட்ராலும் கொழுப்பு. பத்திரிகைகள் ‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ என்று எழுதுபவை, உண்மையில் கொலஸ்ட்ராலை ரத்தத்தில் சுமந்து செல்லும் புரதப் பொதிகள். பழைய ‘நிணம்’ என்ற சொல்லைத் திசுவுக்குத் திரும்பக் கொடுக்கலாமே என்றால், அதை ‘நிணநீர்’ எடுத்துக்கொண்டுவிட்டது. அதையும் தப்பென்று சொல்ல முடியாது, குடலில் நாம் உறிஞ்சும் எண்ணெயில் பெரும்பகுதி நிணநீர்க் குழாய் வழியாகத்தான் ரத்தத்தை அடைகிறது. ஆகவே திசுவைச் சொல்லும்போது கொழுப்புத் திசு என்று முழுப் பெயரையே எழுதுவோம். இலங்கையில் எழுதுகிறவர்கள் கொழுப்பு இழையம் என்று சொல்லட்டும்.

டாக்டர் ‘கொழுப்பு இருக்கிறது’ என்றால் தலையாட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்தக் கொழுப்பு, எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். எடை மெஷினில் ஏறுவதோடு ஒரு டேப்பையும் இடுப்பைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள். இந்தியர்களுக்கு வைத்திருக்கும் எல்லை, ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80.