ஐந்து கல்லும் பதினான்கு குழியும்

எமது பாடசாலையின் நூற்றாண்டைக் கொண்டாடும் இவ்வேளையில், எந்த இடாப்பிலும் பதியப்படாத ஒன்றை நினைவுகூர விரும்புகிறோம். அது நாம் ஆடிய விளையாட்டுகளின் கதை.

கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து ஊவா மலைகளுக்கு வந்த எம் பாட்டிமாரின் மூட்டைகளில் விளையாட்டுச் சாமான் எதுவும் இருந்திருக்காது. அது தேவைப்படவும் இல்லை. கல்லாங்காய்க்கு ஐந்து கல் போதும். பல்லாங்குழிக்குப் பலகை இல்லாவிட்டால், லயத்து வாசலில் இரு வரிசையாக ஏழேழு குழி தோண்டினோம். புளியங்கொட்டையோ குன்றிமணியோ காயாயின. கொழுந்தெடுக்கப் போன அம்மா திரும்பும்வரை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே பாண்டி ஆடிய அக்காமார் எம்மில் பலர்.

குன்றிமணியைச் சிங்களத்தில் 'ஒலிந்த' என்பர். அயற்கிராமங்களில் சித்திரைப் புத்தாண்டுக்கு ஆடும் 'ஒலிந்த கெலிய' எமது பல்லாங்குழிக்கு உடன்பிறப்பு. இங்கு நீர்ப்பாசனப் பொறியியலாளராக இருந்த ஹென்றி பார்க்கர், 1909இல் வெளியிட்ட பண்டைய இலங்கை பற்றிய ஆங்கில நூலில் இத்தகைய குழி விளையாட்டுகளையும் விபரித்துள்ளார்.

பசறை, மடுல்சீமை, ஹாலிஎல தோட்டங்களிலிருந்து வந்த நாமும் பதுளைப் பட்டணத்துப் பிள்ளைகளும் பாடசாலை முற்றத்தில் ஒன்றானோம். யாழ்ப்பாணத்து ஆசிரியைகள் எமது கல்லாங்காயைக் 'கொக்கான்' என்றனர், கிளித்தட்டையும் பழக்கினர். பெரியபிள்ளையான பின் லயத்து வாசலில் ஓடினால் ஏச்சுத்தான். பாடசாலை முற்றத்தில் மட்டும் எம்மை யாரும் தடுக்கவில்லை.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரின் முடிவு பின்னர் என்று எம்மவர் பங்கிடப்பட்டனர். 1970களில் ஒவ்வொரு தவணையும் எம் தோழிகள் குறைந்தார்கள். 1924 முதல் பதுளைக்கு ஓடிய ரயிலில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து இராமேஸ்வரம் போனார்கள். ஆள் குறையக் குறைய, கிளித்தட்டில் ஒவ்வொரு தட்டாகக் குறைத்துக்கொண்டு ஆடினோம். கடிதம் போடுவதாகச் சொல்லிப் போன பலரின் விலாசம் இன்றுவரை எம்மிடம் இல்லை.

கோத்தகிரியிலோ கூடலூரிலோ கனடாவிலோ இம்மலரை வாசிக்கும் சகோதரியே, உங்கள் தோட்டத்தில் கல்லாங்காயை எப்படி எண்ணினீர்கள், யாரோடு ஆடினீர்கள் என்று சங்கத்துக்கு எழுதுங்கள். போனவர்களின் பெயர்களையாவது நாம் சேர்த்து வைப்போம்.