சென்னைக் காசநோய் ஆய்வுகளும் மருந்தின் அரைவாழ்வுக் காலமும்

ஒரு மருந்தின் அரைவாழ்வுக் காலம் என்பது, இரத்தத்தில் உள்ள அம்மருந்தின் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் ஆகும். ஐந்து அரைவாழ்வுக் காலங்கள் கடந்தால் ஏறத்தாழ 97 விழுக்காடு மருந்து நீங்கிவிடும். ஒரு மருந்தை நாளைக்கு எத்தனை வேளை தர வேண்டும் என்பதைப் பெரும்பாலும் இக்கணக்கைக் கொண்டே முடிவு செய்கின்றனர். இக்கணக்கு மட்டும் போதாது என்பதைக் காட்டியவற்றுள் சென்னையில் நடந்த காசநோய் ஆய்வுகள் முக்கியமானவை.

பின்னணி

காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 1956-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார அமைப்பு, பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை இதில் இணைந்து செயல்பட்டன. வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வோரும் சானடோரியத்தில் தங்குவோருக்கு இணையாகக் குணமடைகின்றனர் என்பதை இம்மையம் 1959-இல் வெளியிட்டது. மாதக்கணக்கில் நோயாளியைத் தவறாமல் மருந்து உட்கொள்ளச் செய்வது எப்படி என்பதே அடுத்த சிக்கலாக இருந்தது.

ஐசோனியாசிட்

ஐசோனியாசிடைக் கல்லீரல் சிதைக்கும் வேகம் மரபுவழி அமைவது. விரைவாகச் சிதைப்பவரிடம் இதன் அரைவாழ்வுக் காலம் சுமார் ஒரு மணி நேரம். மெதுவாகச் சிதைப்பவரிடம் சுமார் மூன்று மணி நேரம். இதன்படி நாளொன்றுக்குப் பல வேளை தருவதே சரி எனத் தோன்றும். ஆனால் அதே அளவை இரண்டாகப் பிரித்துத் தருவதைவிட ஒரே வேளையாகத் தருவது கூடுதல் பலன் தந்ததைச் சென்னை ஆய்வு காட்டியது. மருந்து எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதைவிட எந்த உச்ச அளவை எட்டுகிறது என்பது இங்கு முக்கியமாக இருந்தது.

வாரம் இருமுறை

மருந்து பட்ட காசநோய்க் கிருமி, மருந்து நீங்கிய பின்னும் சில நாட்கள் பெருகுவதில்லை என்பதை டெனிஸ் மிச்சிசன் குழுவினர் இலண்டன் ஆய்வகத்தில் கண்டனர். வாரம் இருமுறை கண்காணிப்பில் தரப்பட்ட ஐசோனியாசிடும் ஸ்ட்ரெப்டோமைசினும் நல்ல பலன் தந்ததை 1964-இல் சென்னை மையம் வெளியிட்டது. சங்கரன்கோவில் போன்ற நெசவு ஊர்களில் கூலிக்கு நெய்பவர் நாள்தோறும் மருத்துவமனைக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும். எனவே இம்முறை ஏழை நோயாளிகளுக்கு ஏற்றதாயிற்று. வாரம் ஒருமுறையாகக் குறைத்தபோது பலன் குறைந்தது. குறிப்பாக, மருந்தை விரைவாகச் சிதைப்பவர்கள் பின்தங்கினர். இடைவெளி நீண்டபோது அரைவாழ்வின் வேறுபாடு மீண்டும் வெளிப்பட்டது.

பிற்கால மாற்றங்கள்

இந்தியாவின் திருத்தப்பட்ட தேசியக் காசநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 1997 முதல் வாரம் மும்முறை மருந்து வழங்கியது. நோய் திரும்புதல், மருந்து எதிர்ப்பு ஆகியவை குறித்த கவலையால் 2017-இல் நாடு முழுவதும் தினசரி முறைக்கு மாறியது. மறுபுறம், சுமார் 13 மணி நேர அரைவாழ்வுக் காலம் கொண்ட ரிஃபாபென்டைன், காசநோய்த் தடுப்புக்காக ஐசோனியாசிடுடன் வாரம் ஒருமுறை, மொத்தம் 12 வேளை தரப்படுகிறது. மருந்து வேளையை அரைவாழ்வு, கிருமியின் இயல்பு, நோயாளியின் உடலமைப்பு, அவரது அன்றாட வாழ்க்கை ஆகிய நான்கும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.