நினைவக மேம்படுத்தி மென்பொருள்கள்: பயன்பாடும் மெய்ம்மையும் – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் நினைவகத்தை விடுவித்து அதன் வேகத்தைக் கூட்டுவதாகக் கூறும் மென்பொருள்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விற்பனையில் உள்ளன. அவை உண்மையில் கணினியின் செயல்திறனை உயர்த்துகின்றனவா என்னும் வினாவை இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. டாஸ் இயங்குதளக் காலத்தில் இத்தகைய மென்பொருள்கள் மெய்யான தேவையை நிறைவேற்றின. மெய்நிகர் நினைவகம் தனிநபர் கணினிக்கு வந்த பின்னர் அத்தேவை மறைந்தது. ஆயினும் ‘காலி நினைவகம்’ என்னும் எண்ணின் மீது பயனர் கொண்ட நம்பிக்கை மறையவில்லை. அந்நம்பிக்கையே பிற்கால மென்பொருள்களின் முதலீடாக அமைந்தது என்பதை 1995ஆம் ஆண்டின் சாஃப்ட்ராம் நிகழ்வை முதன்மைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச் சொற்கள்: நினைவகம், மெய்நிகர் நினைவகம், பக்கமாற்றம், டாஸ், விண்டோஸ் 95, சாஃப்ட்ராம், நுகர்வோர் பாதுகாப்பு.

முன்னுரை

கணினி மெதுவாக இயங்கும்போது அதன் காரணம் பயனருக்குப் புலப்படுவதில்லை. செயலி, வன்தட்டு, நினைவகம், இணையம் ஆகியவற்றுள் எது தடையாக இருக்கிறது என்பதை அறியக் கருவிகள் தேவை. இந்த அறியாமையின் இடைவெளியில்தான் நினைவக மேம்படுத்தி மென்பொருள்கள் இடம்பெறுகின்றன. ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் ‘காலி நினைவகம்’ 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்கிறது. பயனர் அவ்வுயர்வைச் சான்றாக ஏற்கிறார்.

வரலாற்று ஆய்வில் ஒரு சான்றை ஏற்கும் முன் அதை அளித்தவர் யார், அவருக்கு அதனால் என்ன ஆதாயம், அச்சான்று உண்மையில் எதைக் குறிக்கிறது என்னும் வினாக்கள் எழுப்பப்படுகின்றன. கல்வெட்டுக்கும் ஆவணத்துக்கும் பொருந்தும் இவ்வினாக்கள் திரையில் தோன்றும் எண்ணுக்கும் பொருந்தும். அவ்வெண் எக்காலத்தில் எப்பொருளைக் கொண்டிருந்தது என்பதைக் காலவரிசையில் காண்பது இக்கட்டுரையின் அணுகுமுறையாகும்.

640 கிலோபைட் காலம்

1981இல் வெளிவந்த ஐபிஎம் தனிநபர் கணினி, இன்டெல் 8088 செயலியைக் கொண்டது. அச்செயலி 1 மெகாபைட் நினைவகத்தை மட்டுமே முகவரியிட்டு அணுக வல்லது. அதில் மேற்பகுதி திரை அட்டை முதலிய வன்பொருள்களுக்கு ஒதுக்கப்பட்டமையால், நிரல்களுக்கு 640 கிலோபைட் மட்டுமே எஞ்சியது. டாஸ் இயங்குதளமும், சுட்டி, குறுந்தகடு, வலையமைப்பு ஆகியவற்றுக்கான இயக்கி நிரல்களும் அந்த 640 கிலோபைட்டுக்குள்ளேயே தங்கின. ஒரு விளையாட்டுக்கோ கணக்குப்பதிவு நிரலுக்கோ 580 கிலோபைட் தேவைப்பட்டு 560 கிலோபைட் மட்டும் காலியாக இருந்தால், அந்நிரல் தொடங்கவே தொடங்காது.

1985இல் வந்த இன்டெல் 80386 செயலி, நினைவகத்தைப் பக்கங்களாகப் பிரித்து வேறு முகவரிகளில் தோன்றச் செய்யும் ஆற்றலைப் பெற்றிருந்தது. குவார்ட்டர்டெக் நிறுவனத்தின் க்யூஇஎம்எம் என்னும் மென்பொருள் இவ்வாற்றலைப் பயன்படுத்தி, இயக்கி நிரல்களை 640 கிலோபைட்டுக்கு மேலுள்ள வெற்றிடங்களுக்கு மாற்றியது. இதே பணியைச் செய்யும் கருவிகளை மைக்ரோசாஃப்ட் 1991இல் டாஸ் 5.0 பதிப்பிலேயே சேர்த்தது. 1993இல் வந்த டாஸ் 6.0 பதிப்பு மெம்மேக்கர் என்னும் தானியங்கி நிரலையும் வழங்கியது.

இக்காலகட்டத்தில் ‘காலி நினைவகம்’ என்னும் எண் நேரடிப் பொருள் கொண்டிருந்தது. எண் உயர்ந்தால், முன்னர் தொடங்க மறுத்த நிரல் தொடங்கியது. பயனர் அதைத் தம் கண்ணால் கண்டார். நினைவக மேம்படுத்தி என்னும் கருத்தாக்கம் நம்பகத்தன்மை பெற்றது இந்தப் பட்டறிவினால்தான். எனவே, இவ்வகை மென்பொருள் அனைத்தும் தொடக்கம் முதலே ஏமாற்று எனக் கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

மெய்நிகர் நினைவகமும் எண்ணின் பொருள் மாற்றமும்

பெருங்கணினி உலகில் நினைவகப் பற்றாக்குறைக்கு வேறொரு தீர்வு முன்னரே காணப்பட்டிருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் டாம் கில்பர்ன் தலைமையில் உருவாகி 1962இல் செயல்பாட்டுக்கு வந்த அட்லஸ் கணினி, 16 ஆயிரம் சொற்கள் கொண்ட காந்த உள்ளக நினைவகத்தையும் 96 ஆயிரம் சொற்கள் கொண்ட காந்த உருளையையும் ஒரே நினைவகம்போல் நிரலருக்குக் காட்டியது. நினைவகம் 512 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்பட்டது. எந்தப் பக்கத்தை உருளைக்கு அனுப்புவது என்பதைக் கணினியே முடிவு செய்தது.

அம்முடிவு தவறினால் விளைவு கடுமையானது. நிரல் உடனே வேண்டும் பக்கத்தை வெளியேற்றினால் அதை மீண்டும் கொண்டுவர வேண்டும். இவ்வாறு பக்கங்கள் ஓயாமல் போவதும் வருவதுமாக, கணினி உருப்படியான வேலை எதையும் செய்யாத நிலை ஏற்படும். பீட்டர் டென்னிங் 1968இல் வெளியிட்ட ஆய்வு இந்நிலையை விளக்கியது. ஒரு நிரல் அண்மைக்காலத்தில் பயன்படுத்திய பக்கங்களின் தொகுதியை அவர் பணித்தொகுதி என வரையறுத்து, அதை நினைவகத்தில் வைத்திருப்பதே நல்ல செயல்திறனுக்கு வழி என்று காட்டினார்.

இக்கோட்பாட்டின்படி நினைவகம் நிரம்பியிருப்பது குறையன்று. வேண்டிய பக்கங்களால் நிரம்பியிருக்கிறதா என்பதே கேள்வி. விண்டோஸ் 3.0 முதல் தனிநபர் கணினிக்கும் இம்முறை பரவத் தொடங்கியது. டாஸ் பயனர் அறிந்த ‘காலி’ என்னும் சொல் திரையில் அப்படியே நீடித்தது. அதன் பொருள் மட்டும் மாறிவிட்டது.

சாஃப்ட்ராம் நிகழ்வு (1995–1998)

1995 ஆகஸ்டு 24 அன்று விண்டோஸ் 95 வெளியானது. அதற்குக் குறைந்தது 4 மெகாபைட் நினைவகம் தேவை. 8 மெகாபைட் பரிந்துரைக்கப்பட்டது. அப்போது ஒரு மெகாபைட் நினைவகத்தின் விலை அமெரிக்காவில் 30 டாலர் அளவில் இருந்தது. கூடுதலாக 8 மெகாபைட் வாங்க 200 டாலருக்கு மேல் செலவாகும். பழைய கணினியை வைத்திருந்தவர்களுக்கு இது பெருஞ்சுமை.

இச்சூழலில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சின்க்ரனிஸ் சாஃப்ட்கார்ப் நிறுவனம் சாஃப்ட்ராம், சாஃப்ட்ராம் 95 என்னும் இரு மென்பொருள்களை விற்றது. நினைவகத்திலுள்ள தரவைச் சுருக்கி, 4 மெகாபைட்டை 8 மெகாபைட்டாக ஆக்குவதாக அவை கூறின. விலை நூறு டாலருக்கும் குறைவு. இரண்டும் சேர்ந்து சுமார் 7 லட்சம் படிகள் விற்றதாக மதிப்பிடப்படுகிறது.

தரவுச் சுருக்கம் என்னும் கருத்து பொய்யன்று. கனெக்டிக்ஸ் நிறுவனம் 1994இல் மெக்கின்டாஷ் கணினிக்கு வெளியிட்ட ரேம் டபுளர், அதை உண்மையாகவே செய்தது. அக்காலத்து மெக்கின்டாஷில் ஒவ்வொரு நிரலுக்கும் குறிப்பிட்ட அளவு நினைவகம் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டது; நிரல் பயன்படுத்தாத பகுதி வீணாகக் கிடந்தது. ரேம் டபுளர் அப்பகுதியை மீட்டது. போதாதபோது தரவைச் சுருக்கியது. அதுவும் போதாதபோதே வன்தட்டை நாடியது. ஆகவே சாஃப்ட்ராமின் விளம்பரத்தை நம்பியவர்களை அறியாதவர்கள் எனத் தள்ளிவிட முடியாது. அவர்கள் நம்பியது இயலக்கூடிய ஒன்றையே.

ஆனால் சாஃப்ட்ராம் அதைச் செய்யவில்லை. ஜெர்மனியின் சி’ட் கணினி இதழும், அமெரிக்காவில் மார்க் ருசினோவிச், பிரைஸ் காக்ஸ்வெல், ஆண்ட்ரூ ஷுல்மன் ஆகியோரும் அம்மென்பொருளைப் பகுத்து ஆராய்ந்தனர். மூவரின் ஆய்வு 1996இல் டாக்டர் டாப்ஸ் ஜர்னல் இதழில் வெளியானது. சாஃப்ட்ராம் 95 நினைவகத் தரவு எதையும் சுருக்கவில்லை என்பதும், அதன் இயக்கி நிரல் மைக்ரோசாஃப்ட் நிரலர்களுக்கு வழங்கிய மாதிரி நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதும் தெரியவந்தன. விண்டோஸ் 3.1இல் அது செய்த பணி வன்தட்டிலுள்ள பக்கக் கோப்பின் அளவைக் கூட்டியதே. அதைப் பயனர் தாமே செலவின்றி அமைப்புகளில் மாற்றிக்கொள்ள முடியும்.

அவ்வாறிருக்க, பயன் கிடைத்ததாகப் பலர் நம்பியது எங்ஙனம்? மென்பொருளுடன் வந்த அளவுகாட்டியே அதற்கு விடை. நிறுவிய பின் நினைவகம் இருமடங்கானதாக அது காட்டியது. விற்பவரே அளவுகோலையும் தந்தார். வாங்குபவரிடம் வேறு அளவுகோல் இல்லை.

1995 இறுதியில் சாஃப்ட்ராம் 95 சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அந்நிறுவனத்தின் கூற்றுகள் பொய்யானவை எனக் குற்றஞ்சாட்டி, 1996இல் உடன்பாட்டுத் தீர்வு கண்டது. நிறுவனம் 1998இல் திவால் மனு அளித்தது. 1996இல் நினைவக விலையும் வெகுவாக வீழ்ந்தது. ஓராண்டு பொறுத்திருந்தவர்கள் மெய்யான நினைவகத்தையே குறைந்த விலையில் வாங்க முடிந்தது. இழப்பு, பொறுக்க வசதியற்று மலிவான வழியைத் தேடியவர்களுக்கே நேர்ந்தது.

பிற்கால மேம்படுத்திகளின் செயல்முறை

2000க்குப் பின் வந்த மேம்படுத்திகள் நினைவகத்தை இருமடங்காக்குவதாகக் கூறவில்லை, ‘விடுவிப்பதாக’க் கூறின. சாஃப்ட்ராம் ஆய்வில் பங்கேற்ற ருசினோவிச்சே இவற்றையும் ஆராய்ந்து எழுதினார். இவை பொதுவாக இரு வழிகளில் செயல்படுகின்றன.

முதல் வழியில், மேம்படுத்தி தனக்கெனப் பெரும் அளவு நினைவகத்தைக் கேட்கிறது. இயங்குதளம் அதைத் தருவதற்காக மற்ற நிரல்களின் பக்கங்களை வெளியேற்றுகிறது. பின்னர் மேம்படுத்தி தான் பெற்றதைத் திருப்பித் தருகிறது. காலி எண் உயர்கிறது. இரண்டாம் வழியில், நிரல்களின் பணித்தொகுதியைக் காலி செய்யுமாறு விண்டோஸில் உள்ள கட்டளையே நேரடியாகப் பயன்படுத்தப்படுகிறது.

இரண்டுக்கும் பின்விளைவு உண்டு. வெளியேற்றப்பட்ட பக்கங்களை விண்டோஸ் உடனே அழிப்பதில்லை. காத்திருப்புப் பட்டியலில் வைக்கிறது. நிரல் விரைவில் கேட்டால் அங்கிருந்தே திரும்பக் கிடைக்கும், இழப்பு சிறிது. ஆனால் முதல் வழியில் காத்திருப்புப் பட்டியலும் துடைக்கப்படுவதால், பக்கத்தை வட்டிலிருந்தே படிக்க நேர்கிறது. நினைவகத்தை அணுக ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும் எனில், சுழலும் வன்தட்டை அணுக ஏறத்தாழ 10 மில்லிவினாடி ஆகும். இது லட்சம் மடங்கு. திண்மநிலை வட்டிலும் வேறுபாடு நூற்றுக்கணக்கான மடங்குக்குக் குறையாது. எண் உயர்ந்த கணத்துக்கு அடுத்து, பயனர் உலாவிக்கோ ஆவணத்துக்கோ திரும்பும்போது காணும் தயக்கம் இதன் விளைவே. அத்தயக்கம் எந்த அளவுகாட்டியிலும் தோன்றுவதில்லை.

நினைவகத்தை ‘ஒழுங்குபடுத்துதல்’ என்னும் கூற்றும் இங்கு நோக்கத்தக்கது. சுழலும் வன்தட்டில் சிதறிய கோப்புகளைச் சேர்ப்பது பயன் தரும். படிப்பு முனை நகர வேண்டிய தொலைவு குறையும். நினைவகத்தில் நகரும் முனை இல்லை. நிரல் காணும் தொடர் முகவரிகள் மெய்நிகரானவை என்பதால், பக்கங்கள் எங்குச் சிதறியிருந்தாலும் பொதுப் பயன்பாட்டில் வேறுபாடு தெரிவதில்லை.

கைப்பேசியிலும் இவ்வரலாறு மீண்டது. ஆண்ட்ராய்டின் தொடக்கக் காலத்தில் பின்னணிச் செயலிகளை நிறுத்தும் நிரல்கள் பரவலாயின. பின்னணியில் உறங்கும் செயலி நினைவகத்தில் இருப்பது அது விரைவில் திறப்பதற்காகவே. இடம் தேவைப்பட்டால் இயங்குதளமே அதை நீக்கும். அதை முன்கூட்டியே நிறுத்தினால், அடுத்த முறை முதலிலிருந்து தொடங்க வேண்டும். மின்கலத்தின் ஆற்றலும் செலவாகும். 2010இல் வந்த ஆண்ட்ராய்டு 2.2, பிற செயலிகளை நிறுத்தும் உரிமையைக் கட்டுப்படுத்தியது.

மறுப்புகளும் ஆய்வும்

மேம்படுத்திகளால் சிலருக்கு நன்மை விளைந்தது உண்மையே. அந்நன்மையின் மூலத்தைப் பிரித்தறிதல் வேண்டும். பல மேம்படுத்திகள் கணினியுடன் தானாகத் தொடங்கும் நிரல்களையும் நிறுத்துகின்றன. வேண்டாத நிரலை நிறுத்துவது பயன் தருவதே. ஆனால் அதை விண்டோஸின் பணி மேலாளர் வழியாகவே செய்ய இயலும். நினைவகத்தைப் பெற்றுத் திருப்பித் தராத பிழையுள்ள நிரல் ஒன்று இருந்தால், அந்நிரலை மூடித் திறப்பதே தீர்வு.

ருசினோவிச் உருவாக்கிய ரேம்மேப் என்னும் கருவியிலும் பணித்தொகுதியைக் காலி செய்யும் வசதி உள்ளது என்பது மறுப்பாகத் தோன்றலாம். ஆனால் அக்கருவி நினைவகப் பயன்பாட்டை ஆராய்வோருக்கானது. ஒவ்வொரு சோதனையையும் ஒரே தொடக்க நிலையிலிருந்து செய்ய வேண்டும் என்பதே அங்கு நோக்கம், வேகம் அன்று. மைக்ரோசாஃப்ட் வெளியிட்டுள்ள பிசி மேனேஜரிலும் நினைவகத்தை விடுவிக்கும் பொத்தான் உண்டு. உற்பத்தியாளரே வழங்குவதால் மட்டும் அச்செயலின் விளைவு மாறிவிடாது. எண்ணின் மீதான நம்பிக்கை எத்துணை வலிமையானது என்பதற்கே அது சான்றாகிறது.

முடிவுரை

நினைவக மேம்படுத்தி மென்பொருள்கள், இயங்குதளம் நினைவகத்தை ஆளத் தெரியாத காலத்தில் மெய்யான பணியாற்றின. அப்பணியை இயங்குதளங்கள் படிப்படியாகத் தம்முள் ஏற்றன. சாஃப்ட்ராம் பொய்யாக வாக்களித்த நினைவகச் சுருக்கமும் 2013இல் மெக்கின்டாஷின் மேவரிக்ஸ் பதிப்பிலும், 2015இல் விண்டோஸ் 10 பதிப்பிலும் தனிக்கட்டணமின்றி இடம்பெற்றது. தனி மென்பொருளுக்கு எஞ்சியது, காலி எண்ணை உயர்த்திக் காட்டும் பணி மட்டுமே. அவ்வுயர்வு இன்றைய இயங்குதளங்களில் செயல்திறனைக் கூட்டுவதில்லை, பலவேளைகளில் குறைக்கிறது.

பழைய கணினியை வைத்திருப்போர் செய்யத்தக்கவை சில. வேண்டாத தொடக்க நிரல்களை நிறுத்தலாம். உலாவியில் திறந்துள்ள பக்கங்களைக் குறைக்கலாம். இயன்றால் நினைவகத்தைக் கூட்டலாம் அல்லது சுழலும் தட்டுக்கு மாற்றாகத் திண்மநிலை வட்டைப் பொருத்தலாம். எந்த மாற்றத்தையும் மென்பொருள் காட்டும் எண்ணைக் கொண்டு மதிப்பிடாமல், தாம் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் திறக்க எத்தனை வினாடி ஆகிறது என்பதை முன்னும் பின்னும் கடிகாரத்தில் அளந்து மதிப்பிடுவதே தகும். 1995இல் சாஃப்ட்ராம் வாங்கியவர்களும் அந்தச் சோதனையைத் தாமே செய்திருக்க முடியும்.