கண்ணுக்குள் ஒரு பிரஷர்: விரலில் தொடங்கிய கதை

வத்தலக்குண்டில் இருந்து அட்டுவம்பட்டிக்கு மலை ஏறும் பஸ்ஸில் பாதி வழியிலேயே காது அடைத்துக் கொள்ளும். வெளியே காற்றழுத்தம் குறைகிறது என்பதைக் காது உடனே சொல்லிவிடுகிறது. கண் அப்படி இல்லை. அதற்குள் அழுத்தம் மெல்ல மெல்லக் கூடினால் பெரும்பாலும் வலி கூட இருக்காது. முதலில் ஓரப் பார்வை போகும். அது தெரிய வரும்போது போனது போனதுதான், எந்த ஆபரேஷனும் திருப்பித் தராது. இதுதான் கிளாக்கோமா, தமிழில் கண்நீர் அழுத்த நோய். (ரத்த அழுத்தம் வேறு, இது வேறு. "எனக்கு பி.பி. நார்மல்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது!)

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது வரவு செலவுக் கணக்கு. கண்ணுக்குள் ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது, ஓரத்தில் உள்ள சல்லடை வழியாக வெளியேறிக்கொண்டே இருக்கிறது. வரவு அதே அளவில் இருக்க, வெளியேறும் வழி அடைபட்டால் இருப்பு ஏறும். அந்த அழுத்தம் பின்னால் உள்ள பார்வை நரம்பை நசுக்கும்.

சரி, இதை எப்படி அளப்பது? 19ஆம் நூற்றாண்டில் டாக்டர்கள் நோயாளியைக் கண்ணை மூடச் சொல்லி, இமை மேல் இரண்டு விரல்களால் அழுத்திப் பார்த்தார்கள். மாம்பழம் பழுத்துவிட்டதா என்று பார்ப்பது போலத்தான். கல் மாதிரி இருந்தால் தெரியும், கொஞ்சம் கூடியிருந்தால் தெரியாது. கருவியைக் கண்ணின் மேலேயே வைக்க வேண்டுமென்றால் கண் மரத்துப் போக வேண்டும். அதற்கு வழி 1884இல் கிடைத்தது. வியன்னாவில் கார்ல் கோலர் கொக்கேய்ன் சொட்டு மருந்தால் கண்ணை மரக்க வைக்கலாம் என்று காட்டினார். 1905இல் நார்வே நாட்டு டாக்டர் ஷியோட்ஸ் ஒரு டோனோமீட்டரைக் கொண்டு வந்தார். நோயாளியைப் படுக்க வைத்து, ஒரு சின்ன எடையைக் கருவிழியின் மேல் வைத்தால் எவ்வளவு குழி விழுகிறது என்று முள் காட்டும். மின்சாரம் வேண்டாம், கைப்பையில் அடங்கிவிடும்.

அதே காலத்தில் சென்னையிலும் ஒரு பெரிய காரியம் நடந்தது. 1819இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். கருவிழியின் விளிம்பில் சின்னதாக வட்டத் துளை போட்டு, தேங்கிய நீருக்கு வடிகால் அமைக்கும் அறுவை சிகிச்சையை 1909இல் அவர் வெளியிட்டார். 'எலியட் ஆபரேஷன்' என்று உலகம் முழுவதும் பரவியது. கிளாக்கோமா வரலாற்றில் சென்னைக்கு இப்படி ஓர் இடம் இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. (இதே எலியட்தான் பின்னாளில் லண்டன் மேஜிக் சர்க்கிளின் ஒரு குழுவுக்குத் தலைவராகி, இந்தியக் கயிறு வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதாடியவர். அது தனிக் கதை.)

1950களில் சுவிட்சர்லாந்தின் கோல்ட்மான் வேறு வழி கண்டார். குழி போடாமல் கருவிழியைச் சற்றே தட்டையாக்கினால் போதும். தட்டையாகும் வட்டத்தின் விட்டம் 3.06 மில்லிமீட்டர். ஏன் இந்த வினோத எண்? அந்த அளவில் கருவிழியின் விறைப்பும் கண்ணீரின் இழுப்பும் ஒன்றை ஒன்று ஈடு செய்துவிடும். கணக்கும் சுலபம்: 1 கிராம் விசை என்றால் 10 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். இன்றும் தரமான அளவு என்றால் இதுதான். "புஸ்" என்று காற்றடிக்கும் மெஷின் 1970களில் வந்தது.

அடுத்து வந்தது '21' என்ற எண். 1958இல் ஜெர்மனியில் லைடெக்கர் குழுவினர் 10,000 பேரை அளந்து சராசரியைக் கண்டார்கள். அதிலிருந்து புள்ளியியல் முறைப்படி 21 என்ற மேல் எல்லை பிறந்தது. உண்மையில் அது சராசரியில் இருந்து எவ்வளவு விலகல் என்ற கணக்கு மட்டுமே. நாளடைவில் 21க்குக் கீழே என்றால் நோய் இல்லை என்பது போல ஆகிவிட்டது! அமெரிக்காவின் பால்டிமோர் ஆய்வு (1991) இதை உடைத்தது. கிளாக்கோமா உள்ள கண்களில் சுமார் பாதி, ஒரு முறை அளந்தபோது 21க்கு மேல் போகவில்லை.

நம் பக்கம் எப்படி? டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டங்கள் மூன்றில் 40 வயதைத் தாண்டிய 5,150 பேரைப் பரிசோதித்தது. 2003இல் முடிவு வெளியானது. 2.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு வகை கிளாக்கோமா. அதில் அதிகம் காணப்பட்ட வகையில், 93 சதவீதம் பேருக்கு அதுவரை யாரும் நோயைக் கண்டுபிடித்துச் சொல்லவே இல்லை. ஐந்தில் ஒருவருக்கு ஒரு கண்ணாவது அந்த நோயால் ஏற்கனவே போயிருந்தது.

அப்படியானால் பிரஷர் பார்ப்பது வீணா? இல்லை. அழுத்தம் கூடியும் நரம்பு கெடாத 1,600க்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2002இல் வெளியானது. சொட்டு மருந்து போடாதவர்களில் 9.5 சதவீதம் பேருக்கு 5 ஆண்டுகளில் நோய் வந்தது, போட்டவர்களில் 4.4 சதவீதம். கருவிழி மெல்லியதாக இருந்தால் ஆபத்து அதிகம் என்றும் அதில்தான் தெரிந்தது. ஆகவே இன்று பிரஷர் எண்ணோடு கருவிழியின் தடிமன், பார்வை நரம்பின் தோற்றம், ஓரப் பார்வை எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள். 40 வயதைக் கடந்தவர்கள், அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இந்த நோய் உள்ளவர்கள், மைனஸ் பவர் அதிகம் உள்ளவர்கள், ஸ்டீராய்டு சொட்டு மருந்தை டாக்டரைக் கேட்காமல் மெடிக்கலில் வாங்கி மாதக்கணக்கில் போடுபவர்கள்... இவர்கள் கண்ணாடி மாற்றப் போகும்போது "பிரஷரும் நரம்பும் பாருங்கள்" என்று கேட்டு வாங்க வேண்டும்.